தட்டில் வந்த வெள்ளை ஒயின்

எங்கள் அண்ணன் அன்றைக்குப் போட்ட கூச்சலை இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எதை யார் பேசுவது என்று ஒரு விவஸ்தை வேண்டாமா? முந்தின நாள் சாயங்காலம் எங்கள் வீட்டு மொட்டை மாடியில், தண்ணீர் டேங்குக்குப் பின்னால் குந்திக்கொண்டு, பேப்பர் கப்பில் பிராந்தி ஊற்றிக் குடித்த மனுஷன் அவர். கூடவே என் கொழுந்தனார், பெரியப்பா மகன் என்று ஒரு கூட்டம். கீழே நாங்கள் பெண்கள் பூ கட்டிக்கொண்டிருந்தோம். விடிந்ததும் நான்தான் மேலே போய் அந்தக் கப்புகளையும் மிக்சர் பொட்டலத்தையும் சப்பிப் போட்ட ஊறுகாய்ப் பாக்கெட்டுகளையும் பொறுக்கி எடுத்து வந்தேன். அதே மனுஷன் குளித்து, விபூதி பூசி, பட்டு வேட்டி கட்டி, சபையில் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, “குடியைக் கொண்டாந்து தட்டுல வெச்சிருக்கானுங்க!” என்று கத்தினார்.

என் மகளுடைய நிச்சயதார்த்தம் அது. நாங்கள் இருப்பது வேங்கிக்காலில். என் வீட்டுக்காரர் கலெக்டர் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகள் சென்னையில் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனாள். அந்தக் கம்பெனி அவளை இத்தாலிக்கு அனுப்பியது. அங்கே ஒரு பையனைப் பிடித்துப்போய்விட்டது என்று எங்களிடம் வந்து சொன்னாள். நானும் முதலில் தாம்தூம் என்று குதித்தவள்தான். கொஞ்ச நாள் அவளோடு பேசக்கூட இல்லை. பிறகு ஒருநாள் வீடியோ காலில் அந்தப் பையனுடைய அம்மாவைக் காட்டினாள். மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய நிலம், முழுக்கத் திராட்சைக் கொடி, கீழே கடல். அந்த அம்மா தலையில் துணி கட்டிக்கொண்டு நடுவில் நின்றிருந்தார். கையிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டு எனக்கு ஒரு கும்பிடு போட்டார். நான் மல்லாட்டைக் கொல்லையில் பிறந்து வளர்ந்தவள். வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். நகக்கண்ணில் மண் ஏறின ஒரு பொம்பளையைப் பார்த்ததும் என் பாதிக் கோபம் போய்விட்டது.

மீதி இருந்தது பயம். அண்ணனைப் பற்றிய பயம். எங்கள் குடும்பத்தில் பெண்ணுக்கு நிச்சயம் என்றால், மாப்பிள்ளை வீட்டுத் தட்டைத் தாய்மாமன்தான் முதலில் கைநீட்டி வாங்க வேண்டும். அவர் வாங்காத நிச்சயத்தை எங்கள் ஜனம் நிச்சயம் என்றே மதிக்காது. கல்யாணத்துக்கு ஒரு ஈ காக்கா வராது. என் மகளுக்கு ‘ஓடிப்போனவள்’ என்று பெயர் வைத்துவிடுவார்கள். அவளே என்னிடம் சொன்னாள்: “அம்மா, மாமா தட்டு வாங்கினாத்தான் எனக்குக் கல்யாணமாட்டம் இருக்கும். ஒரு கையெழுத்தைப் போட்டுட்டு ஓடறதுக்கு எனக்கு இஷ்டமில்ல.” அதனால் போளூர் பக்கம் இருக்கிற அண்ணன் வீட்டுக்கு நான் நடையாய் நடந்தேன். காலில் விழாத குறையாகக் கெஞ்சி அவரைச் சம்மதிக்க வைத்தேன்.

இன்னொரு வழக்கமும் எங்கள் வீட்டில் உண்டு. பழம், தேங்காய், புடவை, வெற்றிலை பாக்கோடு, அவரவர் நிலத்தில் விளைந்தது ஏதாவது ஒன்று தட்டில் இருக்க வேண்டும். என் நிச்சயத்துக்குத் தட்டு நிறைய மல்லாட்டையும் வெல்லமும் வந்தது. இதையும் என் வீட்டுக்காரர் ஞாபகமாக மகளிடம் சொல்ல, மகள் அவர்களிடம் சொல்லிவிட்டாள். சித்திரை மாசத்தில் அவர்கள் ஊர்த் திராட்சைக் கொடியில் என்ன இருக்கும்? தளிர்தான் இருக்கும். பையனுடைய அப்பா, எங்கள் சம்பந்தி, யோசித்திருக்கிறார். தன் நிலத்துத் திராட்சையில் தன் கையால் செய்த வெள்ளை ஒயினைப் பெட்டியில் துணி சுற்றி வைத்து எடுத்து வந்துவிட்டார். எங்களுக்குத் தெரியாது. மகளிடமும் அவர் சொல்லவில்லை.

செங்கம் ரோட்டில் ஆசிரமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் அவர்களைத் தங்க வைத்திருந்தோம். நிச்சயத்துக்கு மாப்பிள்ளை வரும் வழக்கம் எங்களுக்கு இல்லை என்பதால் பையன் அங்கேயே இருந்துவிட்டான். மற்றவர்கள் அன்று காலையில் ஆட்டோக்களில் வந்து தெருமுனையில் இறங்கி, நம்மவர்களைப் போலவே ஆளுக்கொரு தட்டைக் கையில் ஏந்தி நடந்து வந்தார்கள். சம்பந்தியம்மா பருத்திப் புடவை கட்டி, தலையில் மல்லிகை வைத்துக்கொண்டு, சித்திரை வெயிலில் கொதிக்கிற சிமெண்ட் ரோட்டில் வெறுங்காலோடு வந்தார். செருப்பு போட்டுக்கொண்டு தட்டைத் தூக்கக் கூடாது என்று யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். பாவம், கால் சிவந்து போயிருந்தது. முகத்தில் மட்டும் அப்படி ஒரு சிரிப்பு.

தட்டுகளைக் கூடத்தில் பாயில் வரிசையாக வைத்து, மூடியிருந்த துணியை எடுத்தோம். மாம்பழம், ஆப்பிள், புடவை, இனிப்பு. நடுத்தட்டில் தேங்காய்க்கும் வாழைப்பழச் சீப்புக்கும் பக்கத்தில் அந்தப் பாட்டில் நின்றது. அதன் கழுத்தில் ஒரு முழம் மல்லிகை. வயிற்றில் மஞ்சள் தடவி, அதன்மேல் குங்குமப் பொட்டு. இந்த ஊரில் புதுசாக எது வந்தாலும், ஸ்கூட்டரோ மிக்சியோ, பொட்டு வைக்கிறோம் அல்லவா? வந்த சில நாளில் அதைப் பார்த்துவிட்டு சம்பந்தியம்மா அதற்கும் வைத்திருக்கிறார்.

கூடத்தில் எல்லோரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். உண்மையைச் சொல்கிறேன், நானும் அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பாட்டில் என்றால் எனக்கு ஆகாது. எங்கள் அப்பா குடித்தார். அண்ணன் குடிக்கிறார். என் வீட்டுக்காரரும் டாக்டர் பயம் காட்டுகிற வரைக்கும் குடித்தவர்தான். எத்தனை வாந்தியைக் கழுவியிருப்பேன், எத்தனை ராத்திரி சோற்றை மூடி வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்திருப்பேன். அந்தப் பாழாய்ப்போனது என் மகளுடைய நிச்சயத் தட்டிலேயே வந்து நிற்கிறதே, கடவுளே என்றுதான் முதலில் நினைத்தேன்.

அப்போதுதான் அண்ணன் எழுந்து கத்தினார். “இது இன்னா ஊடா, ஒயின் ஷாப்பா? எங்க ஜனத்தைப் பார்த்தா எப்பிடித் தெரியுது இவனுங்களுக்கு? மொதல்ல அதை எடுக்கச் சொல்லு. எடுக்கலன்னா நான் தட்டைத் தொடமாட்டேன்.”

“ஆமா, தப்புதான்.” “சாமி படம் வெச்ச எடம்.” “பொட்டு வேற வெச்சிருக்குதுங்க.” முன்வரிசை முழுக்க ஒத்து ஊதியது. யார் யார் என்று நான் பார்த்தேன். எல்லாம் டேங்குக்குப் பின்னால் குந்தியிருந்த அதே முகங்கள். இவர்கள் போகிற கடைக்கு ஒயின் ஷாப் என்று பெயர்; ஒயின் எப்படியிருக்கும் என்று ஒருத்தரும் கண்ணால் கண்டதில்லை. என் வீட்டுக்காரர் என்ன செய்தார் என்கிறீர்கள்? வாயில் கொழுக்கட்டையை வைத்த மாதிரி நின்றார். மகளிடம் அந்த வழக்கத்தைச் சொல்லி அனுப்பியவரே இவர்தான். “நான்தான் சொன்னேன்” என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் வரவில்லை.

உள்ளே அலங்காரம் செய்துகொண்டிருந்த மகள் பாதி ஜடையோடு ஓடி வந்தாள். அவர்கள் பாஷையில் மாமனாரிடம் ஏதோ சொன்னாள். அந்த மனுஷனுடைய முகம் செக்கச்செவேலென்று ஆகிவிட்டது. குனிந்து, ரெண்டு கையாலும் பாட்டிலை எடுத்து, நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே போனார். எங்கே வைப்பது என்று தெரியாமல் வாசலில் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் செருப்புகள் கிடந்த இடத்தில், செருப்புகளுக்கு நடுவில் வைத்துவிட்டு வந்தார். வந்து, சபையைப் பார்த்துக் கையைக் கூப்பி, “சாரி” என்றார். சம்பந்தியம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அதோடு விட்டாரா என் அண்ணன்? ஆள் மசிகிறார் என்று தெரிந்ததும் இன்னும் ஏறினார். “பாட்டில் பட்ட தட்டு. வேற தட்டு கொண்டாரச் சொல்லு. அதுக்கு முன்னால பையனோட அப்பன் சபையில வுழுந்து மன்னிப்பு கேக்கட்டும்.”

எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியாது. “நேத்து டேங்குக்குப் பின்னால குந்திக்கினு என்னா பூஜை பண்ணீங்கண்ணா?” என்று கேட்டேன்.

“இன்னா சொன்ன?”

“காது கேக்கலயா? பிராந்தியை ஊத்திக்கினு மாடியெல்லாம் நாறடிச்சீங்களே, அது இன்னா தீர்த்தமா? அவரு வேர்வை சிந்தி வெளைய வெச்சதை மறைக்காம தட்டுல வெச்சாரு. நீங்க ஒளிஞ்சிக் குடிச்சிட்டு வாயில ஏலக்காயைப் போட்டுக்கினு வந்து குந்தியிருக்கீங்க.”

“சபையில வெச்சு என் மானத்தை வாங்குறியா?”

“உங்க மானத்தைக் காலையில நான்தான் பொறுக்கிக் குப்பையில போட்டேன்.”

யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். அது போதுமாயிருந்தது. அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டார். “இந்த ஊட்டு வாசப்படியை இனி மிதிக்கமாட்டேன். மாமன் இல்லாம எப்பிடி நிச்சயம் பண்றன்னு பார்க்கிறேன்” என்றார். பெண்கள் பக்கம் திரும்பி, “எழுந்து வாடி” என்று அண்ணியைக் கூப்பிட்டார். என் மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் பயந்தது எல்லாம் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது.

அண்ணி எழுந்திருக்கவில்லை.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அண்ணி அதிர்ந்து பேசி யாரும் கேட்டதில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டால்கூட தலையை மட்டும் ஆட்டுகிறவர். அண்ணன் இன்னொரு தடவை கூப்பிட்டார். அண்ணி பாயைப் பார்த்தபடியே இருந்தார். அண்ணன் போய் வண்டியைக் கிளப்புகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் தெருமுனை தாண்டின பிறகு அண்ணி மெதுவாக எழுந்தார். புடவையைச் சரிசெய்துகொண்டு நடுக்கூடத்துக்கு வந்தார்.

“மாமன் இல்லன்னா இன்னா? அத்தை நான் இருக்கேன்ல. தட்டைக் குடுங்க” என்றார். ரெண்டு கையையும் நீட்டினார்.

“பொம்பளை வாங்கற வழக்கம் நமக்கு இல்லியேம்மா” என்று ஒரு பெரியப்பா இழுத்தார்.

“இன்னையிலேர்ந்து இருக்குது” என்றேன் நான். வாசலுக்குப் போய், செருப்புகளுக்கு நடுவிலிருந்து பாட்டிலை எடுத்து, என் முந்தானையால் துடைத்து, தேங்காய்க்குப் பக்கத்தில் மறுபடி வைத்தேன். அந்தத் தட்டைத்தான் சம்பந்தியும் சம்பந்தியம்மாவும் சேர்ந்து தூக்கிக் கொடுத்தார்கள். அண்ணி வாங்கினார். பிறகு என் வீட்டுக்காரர் வாங்கினார். சிலர் சாப்பிடாமல் போனார்கள். போகட்டும், வடை மிச்சமானது.

நிச்சயத்தன்று சைவம்தான். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, சம்பந்தி வீட்டாருக்குக் கறி விருந்து. போகவேண்டிய ஊருக்குப் போகாமல் அண்ணி அன்று ராத்திரி எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். பழத்தையும் தேங்காயையும் சாமி அறையில் வைத்தோம். பாட்டிலை எங்கே வைப்பது? “குளிரா இருக்கணும்மா” என்றாள் மகள். ஃபிரிட்ஜில் இட்லி மாவுக்கும் தயிருக்கும் நடுவில் படுக்க வைத்தேன். மஞ்சளும் குங்குமமும் அப்படியே இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சம்பந்தியம்மா அடுப்படிக்கு வந்துவிட்டார். அந்த ஒயினுக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்று அவர் சொல்ல, மகள் தமிழில் எனக்குச் சொன்னாள். வெர்மென்டினோ என்பது அந்தத் திராட்சையின் பெயராம். கடல் காற்று படுகிற சரிவில் விளைவதால் அதில் லேசாக உப்பு வாடை இருக்குமாம். மீன் பொருந்தும், எலுமிச்சை பொருந்தும், பச்சை இலை மணம் பொருந்தும். அவர்கள் ஊரில் துளசிக்கு உறவான ஏதோ ஒரு இலையை எண்ணெய் விட்டு அரைத்துச் சாப்பிடுவார்களாம். கடலை மாவைக் கரைத்து, எண்ணெய் ஊற்றி, அடையாகச் சுடுவார்களாம்; அதற்கும் பொருந்துமாம். “கடலை மாவு அடையா? அடப் பாவமே, இதுக்கா இத்தனை கடல் தாண்டிப் போன?” என்று மகளைக் கேட்டேன். அன்றைக்கு நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

சாத்தனூர் அணையிலிருந்து ஜிலேபி மீன் வந்திருந்தது. நமக்கு மிளகாய்த்தூள் போட்டு ஒரு பங்கும், அவர்களுக்கு உப்பு, மிளகு, எலுமிச்சை மட்டும் தடவி ஒரு பங்கும் பொரித்தேன். பச்சை மல்லாட்டையை உப்புப் போட்டு வேகவைத்தேன். கொத்தமல்லித் துவையல், கடலை மாவு அடை. வழக்கம்போல ஆட்டுக்கறிக் குழம்பும் வைத்தேன். சம்பந்தி ஆசையாகக் குழம்பை ஒரு வாய் சாப்பிட்டு ஒயினை ஒரு மடக்கு குடித்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வர, தலையை ஆட்டினார். “காரத்துக்கு முன்னால அது செத்துடும், கசப்பு மட்டும்தான் மிஞ்சும்னு சொல்றாரு” என்றாள் மகள். மீனோடு குடித்தபோது தலை வேறு மாதிரி ஆடியது. மல்லாட்டைக்கு என்னைப் பார்த்துக் கைதட்டினார்.

எனக்கும் டம்ளரில் ஒரு வாய் அளவு ஊற்றி நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல நினைத்தவள், செருப்புக்கு நடுவில் அதை அவர் வைத்தது ஞாபகம் வந்து வாங்கிக்கொண்டேன். வெறும் வாயில் புளித்த தண்ணீராகத்தான் இருந்தது. மீனைக் கடித்துவிட்டுக் குடித்தால் எலுமிச்சை பிழிந்த மாதிரி சுருக்கென்று, பின்னால் பாதாம் தோலின் கசப்பு கொஞ்சம். நன்றாகத்தான் இருந்தது. நன்றாக இருந்ததே என்று அதற்கும் எனக்குக் கோபம் வந்தது. நம் ஆண்கள் குடிக்க உட்கார்ந்தால் சாப்பாடு சைடு டிஷ். வேகவைத்த முட்டை, ஊறுகாய், ஏதோ ஒன்று, நாக்கில் தொட்டுக்கொள்ள. இங்கே சாப்பாட்டுக்கு ஒயின் சைடு டிஷ்ஷாக வந்து ஓரமாக நிற்கிறது. பெண்டாட்டியும் பிள்ளையும் அதே இலை வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருத்தர் குரலும் உயரவில்லை. ஒரு தட்டு பறக்கவில்லை. இப்படியும் முடியும் என்றால், என் அம்மாவுக்கும் எனக்கும் நடந்ததெல்லாம் எதற்காக நடந்தது? யாரைப் போய்க் கேட்பேன்?

சாப்பாடு முடிகிற நேரம். சம்பந்தி பாட்டிலின் கார்க்கை எடுத்துச் செருகி, உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி, பாட்டிலை ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு, மோர் கேட்டார்.

மோர்ச் சொம்போடு என் பக்கத்தில் நின்றிருந்த அண்ணி அதையே பார்த்தார். சொம்பைச் சாய்க்க மறந்துவிட்டார். என் காதருகே வந்து, “ஏம்மா, அதுல இன்னும் பாதி இருக்குதே. ஏன் மூடுறாரு?” என்று கேட்டார்.

“போதும்னு மூடுறாரு அண்ணி.”

“போதும்னா?”

“அவ்ளோதான், போதும்னு.”

“மீதி இருக்கறப்பவேவா?”

அண்ணி கிண்டல் பண்ணவில்லை. நிஜமாகவே கேட்டார். வெளியூர்க்காரர்களின் விநோதப் பழக்கம் ஒன்றைப் பற்றி விசாரிக்கிற மாதிரி கேட்டார். இத்தனை வருஷக் குடித்தனத்தில், மீதியை வைத்து மூடின பாட்டிலை அந்த மனுஷி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. எனக்கு ஓவென்று கத்த வேண்டும் போலிருந்தது. கரண்டியைக் குழம்புச் சட்டியில் போட்டுவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பந்தி கலைந்ததும் அண்ணியின் போன் அடித்தது. அண்ணன் குரல் எனக்கே கேட்டது. “சோறாக்க ஆளில்ல, மவராணி விருந்து சாப்புட்றியா?” நாக்கு குழறியிருந்தது. அண்ணி போனை வைத்துவிட்டுப் பையை எடுத்தார்.

“போவாதீங்க அண்ணி. கொஞ்ச நாள் இங்கயே இருங்க. நேத்து நடந்ததுக்கு உங்களைச் சும்மா விடமாட்டாரு.”

“போய்த்தான் ஆவணும். இன்னைக்கு லீவு நாளு, ஜாஸ்தியாயிருக்கும்” என்றார். மகள் அழுதுகொண்டே அவர் கையைப் பிடித்தாள். அண்ணி அவள் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். “முகூர்த்தத்துக்கும் நான் வந்துடுவேன். அத்தை இருக்கேன்ல” என்றார்.

படியிறங்கிப் போனவர் திரும்பி வந்தார். தயங்கித் தயங்கி, யாருக்கும் கேட்காமல் என்னிடம் சொன்னார்:

“அந்த மீனு மிச்சமிருந்தா ரெண்டு துண்டு கட்டிக் குடேன். காலையிலேர்ந்து வெறும் வயித்துல குடிச்சிக்கினு இருப்பாரு.”

கட்டிக் கொடுத்தேன். இலையை மடிக்க முடியாத அளவுக்கு எனக்கு ஆத்திரம்.